விழுந்த வண்டியைத் தூக்கிப் பாருங்கள்

(நம் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே பெரும்பாலும் தரப்பட்டுள்ளது.)



"தொழிலில் முன்னேறுவது எப்படி" என்று பேசச் சொல்லித்தான் செயலாளர் என்னை அழைத்தார். அதைப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த அரங்கில் முப்பது பேராவது இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று துணி. இன்னொன்று மோட்டார் சைக்கிள். இரண்டும் சேரும் இடம் ஒன்று உண்டு: சின்ன அட்வென்ச்சர் வண்டியில் கட்டிக்கொண்டு போகிற துணிப்பை. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். இந்தப் பை விஷயத்தில் செய்த தவறால் நான் என் அறை நண்பனை இழந்திருப்பேன். அவன் நாலாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.

2019 செப்டம்பரில் நாங்கள் இருவரும் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போனோம். இருவருக்கும் வயது 55. "ஏனுங்க, பேரன் எடுக்கற வயசுல இது எதுக்குங்க?" என்று என் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்த வருடம்தான் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வந்திருந்தது. 199.6 சிசி, ஏறத்தாழ 155 கிலோ எடை, முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம் ஸ்போக் சக்கரம். ஆளுக்கு ஒன்று வாங்கினோம். டாங்கிலிருந்த பெட்ரோலைச் சுத்தமாக வடித்து, ரயில் பார்சலில் டெல்லிக்கு அனுப்பினோம்.

வண்டியைப் பற்றி மூன்று மாதம் படித்தோம். பையைப் பற்றி மூன்று நிமிடம்கூட யோசிக்கவில்லை. நான் அலுமினியப் பெட்டி இரண்டு மாட்டினேன். பார்க்க மிலிட்டரிக்காரன் மாதிரி கம்பீரமாக இருந்தது. பெட்டியும் அதைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டும் காலியாகவே 16 கிலோ. உள்ளே 28 கிலோ சாமான். ஐந்து பேன்ட், இரண்டு ஜோடி ஷூ, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. ஆமாம், அடுப்புதான்! காலி இடம் இருந்தால் மனுஷன் அதில் எதையாவது வைத்துவிடுவான். பெட்டியின் முதல் குற்றமே அதுதான்.

என் நண்பன் சிக்கனக்காரன். சீட்டின் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிடும் பை ஒன்று, விலை மலிவாகக் கிடைத்ததை வாங்கினான். மழைக்கு ஒரு உறையும் தந்தார்கள். அந்த வண்டியில் சைலன்சர் வலது பக்கம் மேல்நோக்கித் தூக்கி இருக்கும். தண்ணீரில் இறங்கினாலும் மூழ்காது, வண்டிக்கு நல்லது. ஆனால் வலது பை நேரே அதன் மேல் தொங்கியது. நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

சிம்லாவைத் தாண்டிக் கின்னோர் மலைப்பாதையில் போகும்போது பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. ரோட்டோரம் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தோம். அடுத்த நாளும் அதே வாசனை. "ஹிமாச்சல்ல எல்லாரும் குப்பையத்தான் எரிக்கறாங்களாட்ட இருக்கு" என்று அவனே சொன்னான்.

நாகோவில் தங்கிய இரவு அவனுக்குத் தாகம் அடங்கவில்லை. எழுந்து எழுந்து வெளியே போனான். சோர்வு, தலைவலி. உயரத்தால்தான் என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம். மறுநாள் தாபோ வந்தோம். கி.பி. 996-இல் எழுந்த புத்த மடாலயம் அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கக்கூட அவன் வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஊர் கோயில் எதையும் விடாதவன் அவன். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

காசாவுக்குப் போய் அறை எடுத்து, வலது பையைத் திறந்தோம். அடிப்பக்கம் உருகி, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதற்கு நேர் மேலே இருந்தது அவனுடைய இன்சுலின் டப்பா. அவன் சர்க்கரை நோயாளி. மூன்று நாளாகச் சைலன்சர் மேல் வெந்துகொண்டிருந்த இன்சுலினைத்தான் வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தான். பார்க்க ஒரு மாற்றமும் தெரியவில்லை. குளுக்கோமீட்டரில் 400-க்குப் பக்கம் காட்டியது. காசா மருத்துவமனையில் உடனே கவனித்தார்கள். புது இன்சுலின் கிடைத்தது. இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தான். "டேய், குப்பை எரிச்சது நாமதான்டா" என்று அவன் சொன்னபோது என்னால் சிரிக்க முடியவில்லை.

கதை அதோடு முடியவில்லை. குன்சம் கணவாய் தாண்டி, பாதலிலிருந்து கிராம்பூ போகும் வழியில் என் முறை வந்தது. அங்கே பல இடங்களில் ரோடு என்றால் உருண்டைக் கற்கள்தான். காலையில் கணுக்கால் அளவு ஓடும் ஓடை, வெயில் ஏறிப் பனி உருகினால் மதியத்துக்குமேல் முழங்காலைத் தொடும். பெட்டிக்குள் சாமானை அடுக்கி முடிக்கவே எனக்குக் காலையில் ஒரு மணி நேரம் ஆனது. அதனால் அந்த ஓடைக்கு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. நடுவில் கல் வழுக்கியது. காலை ஊன்றினேன். வண்டி முன்னால் நகர்ந்தது, பெட்டி என் கெண்டைக்காலில் வந்து இடித்தது, வண்டி சாய்ந்தது. என் கால் பெட்டிக்கு அடியில்.

155-ம் 44-ம் கூட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 200 கிலோ. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். இரண்டு நாள் முன்பு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒருவன் தனியாக அதைத் தூக்க வேண்டும். அவனால் முடியவில்லை. பனித்தண்ணீரில் பத்து நிமிடம் கிடந்தேன். சாலைப் பணியாளர்கள் நாலு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். எலும்பு முறியவில்லை, கணுக்கால் மட்டும் ஒரு மாதம் வீங்கியிருந்தது. அவர்கள் வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

நண்பர்களே, சின்ன வண்டி விழும். கரடுமுரடான பாதையில் போனால் விழத்தான் செய்யும். ஆகவே எவ்வளவு சாமான் பிடிக்கும் என்பதை வைத்துப் பையை வாங்காதீர்கள். வண்டி விழும்போது அந்தப் பை உங்கள் காலை என்ன செய்யும், விழுந்தபின் அந்தச் சுமையோடு வண்டியை நீங்கள் தனியாகத் தூக்க முடியுமா, உள்ளே இருக்கும் உயிர்காக்கும் பொருள் பத்திரமாக இருக்குமா என்ற மூன்று கேள்வியைக் கேட்டு வாங்குங்கள். பெரிய வண்டியில் தார் ரோட்டில் போகிறவர்களுக்குப் பெட்டி நல்லதுதான். பூட்டலாம், மழைக்கு மூடலாம். ஆனால் 200 சிசி வண்டியில் கல்லிலும் மணலிலும் போகிறவர்களுக்குத் துணிப்பைதான் சரி. காலில் பட்டால் அமுங்கிக் கொடுக்கும். கீழே விழுந்தால் நெளியும், ஸ்டாண்டையும் வண்டியின் பின் சட்டத்தையும் வளைக்காது.

இனி எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

முதலில் எடை. சாமானை எல்லாம் தரையில் பரப்பி, பையோடு சேர்த்து எடை போடுங்கள். வண்டி எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. 155 கிலோ வண்டிக்கு 15 கிலோ. பக்கத்துக்கு 15 லிட்டர், பின்னால் ஒரு 20 லிட்டர் சுருட்டுப் பை, இவ்வளவு போதும். பெரிய பை வாங்கிப் பாதி நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். என் அடுப்பு ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டாவது, இடம். கனமான சாமான் தாழ்வாகவும், முன்னால் தள்ளியும், வண்டியோடு ஒட்டியும் இருக்க வேண்டும். ஸ்பானர், டியூப் எல்லாம் முன்பக்கக் கிராஷ் கார்டில் கட்டும் சிறு பையில் போகட்டும். தூங்கும் பை, ஜெர்கின் போன்ற லேசானவை பின்னால். பின் சக்கர அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஹேண்டில் லேசாகி, ஏற்றத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. பின் கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள். சின்ன வண்டிகளில் அது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவாக இருக்கும்.

மூன்றாவது, நெருப்பும் சக்கரமும். சைலன்சர் பக்கம் பைக்கும் குழாய்க்கும் நடுவே காற்று புக இடைவெளி வேண்டும். அதற்கு ஒரு மெல்லிய வளைவுக் கம்பியும் வெப்பத் தடுப்புத் தகடும் கட்டாயம். நைலான் 6 சுமார் 220 டிகிரியில் உருகும், பாலியெஸ்டர் சுமார் 260-இல். உருகுவதற்கு வெகுமுன்பே பலம் போய்விடும். மேல் பூசியிருக்கும் பூச்சு அதற்கும் முன்பே இளகிவிடும். நம் லேபில் படித்ததுதான். படித்த நானே மறந்தேன். அடுத்து, பையைக் கட்டிவிட்டு இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்து வண்டியை நன்றாக அமுக்கிப் பாருங்கள். எக்ஸ்பல்ஸில் பின் சக்கரம் 170 மில்லிமீட்டர் மேலே வரும். நிற்கும்போது படாத பை, பள்ளத்தில் குதிக்கும்போது டயரில் உரசும். இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் மறையாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

நாலாவது, துணி. இங்கேதான் நம் டிபார்ட்மெண்ட்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கடையில் "சார், இது ஆயிரம் டெனியர்" என்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை இத்தனை கிராம் என்பதுதான் டெனியர். நூலின் பருமனைச் சொல்லும், வலிமையைச் சொல்லாது. பாவும் ஊடையும் எவ்வளவு நெருக்கம், எந்த நூல், எந்தப் பூச்சு என்று கேட்க வேண்டும். தேய்மானத்துக்கு நைலான் நல்லது. வெயிலில் பாலியெஸ்டர் அதிக நாள் தாங்கும். உள்ளே மெல்லிய பி.யூ. பூச்சு உள்ள துணி லேசானது, ஆனால் ஈரத்தில் சில வருடம் கிடந்தால் பிசுபிசுத்து உரியும். பி.வி.சி. பூசிய துணி கனம், ஆனால் முரட்டு உழைப்பு. கடும் குளிரில் விறைத்துக்கொள்ளும். டி.பி.யூ. பூச்சு லேசு, குளிரிலும் மடங்கும், விலைதான் கூடுதல்.

பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தையல் போட்ட இடத்தில் ஊசி ஓட்டை இருக்கும். தண்ணீர் அதன் வழியே வரும். ஆகவே தையலுக்குமேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது தைக்காமல் சூட்டில் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது உள்ளே தனியாக நீர்புகாத பை இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது கடைசி முறை. வெளிப்பை கிழிந்தாலும் உட்பை காக்கும். ராத்திரி சேறான வெளிப்பையை வண்டியிலேயே விட்டுவிட்டு உட்பையை மட்டும் அறைக்கு எடுத்துப் போகலாம். ஜிப்பைவிட வாயைச் சுருட்டி மூடும் பை மேல், ஆனால் மூன்று சுருட்டாவது வர வேண்டும். கழுத்து வரை நிரப்பிவிட்டு ஒரு சுருட்டு சுருட்டினால் அது நீர்புகாத பை ஆகாது. உள்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் இருட்டில் தேடச் சுலபம். மழை உறையை நம்பாதீர்கள், காற்றில் பறக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனிக்காரர் ஹார்ட்முட் ஓர்ட்லீப் சைக்கிள் பயணத்தில் நனைந்து நொந்துபோனபோது, லாரியின் தார்ப்பாய் சரக்கை நனையாமல் காப்பதைக் கவனித்து, அதே துணியில் பை செய்ய ஆரம்பித்தார். 1982-இல் அவர் தொடங்கிய நிறுவனம் உலகப்புகழ் பெற்றது. நான் சங்ககிரிக்காரன், லாரி ஓனர் மகன். தார்ப்பாய் மேல் படுத்துத் தூங்கி வளர்ந்தவன். எனக்கு அந்த யோசனை வரவில்லை பாருங்கள்! தம்பிகளே, திருப்பூரும் கரூரும் பக்கத்தில் வைத்திருக்கும் உங்களுக்காவது வரட்டும். பெங்களூரின் வியாடெரா, மும்பையின் ரைனாக்ஸ் என்று நம் நாட்டிலும் இந்தத் தொழில் வளர்ந்துவிட்டது. நம் ஊரிலும் வளர இடம் இருக்கிறது.

ஐந்தாவது, கட்டு. ரப்பர் கயிறு வேண்டவே வேண்டாம். இழுபட்டுக்கொண்டே இருக்கும், கொக்கி தெறித்தால் கண்ணைப் பார்க்கும். பக்கிள் வைத்த பட்டைவார் வாங்குங்கள். நைலான் நாலு சதவீதம் ஈரம் உறிஞ்சும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை என்று பரீட்சையில் எழுதினோமே, அது இங்கே உதவும். நனைந்த நைலான் வார் நீளும். காலையில் இறுக்கியது ஓடையைத் தாண்டியதும் தளர்ந்திருக்கும். பாலியெஸ்டர் வார் அவ்வளவு ஏமாற்றாது. மீதி வால் நுனியைச் சுருட்டி மடக்கிவிடுங்கள். அது செயினில் போய்ச் சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், வேகத்தில் என்றால் உயிருக்கே ஆபத்து.

லோடு ஏற்றியதும் என் அப்பா கிளீனரிடம் சொல்வதை, சின்ன வயதில் கூடவே நின்று கேட்டிருக்கிறேன். "பத்து கிலோமீட்டர் போயி ஒருக்கா நிறுத்திக் கட்டைப் பாரு சாமி. அப்பத்தான் கயிறு உண்மையச் சொல்லும்." கின்னோரில் அந்த வாசனை வந்த முதல் நாளே நிறுத்திப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்பா சொன்னது லாரிக்குத்தான் என்று நினைத்துவிட்டேன்.

கடைசியாக, உயிர்காக்கும் பொருள். மருந்து, அடையாள அட்டை, பணம், போன் இவை வண்டியில் போகக் கூடாது, உங்கள் உடம்போடு போக வேண்டும். வண்டி ஆற்றோடு போனாலும் அவை உங்களிடம் இருக்கும். இன்சுலின் கொண்டு போகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு, வெப்பம் தாக்காத சிறு உறையில் வைத்து இடுப்பிலோ நெஞ்சிலோ கட்டிக்கொள்ளுங்கள். அதிக வெப்பமும் ஆகாது. உறைந்துபோனால் அதுவும் பயன்படாது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்காமல் கூட வருபவரிடம் பாதியைக் கொடுங்கள்.

துணிப்பைக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கத்தி வைத்திருப்பவன் கிழிக்கலாம். சாப்பிடப் போகும்போது வண்டி கண்ணில் படும்படி நிறுத்த வேண்டும். தினம் கட்டி அவிழ்க்கும் வேலை உண்டு. பெயின்ட் உரசித் தேயும், அங்கே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். இதெல்லாம் கணுக்காலைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

2023-இல் இருவரும் மறுபடி அதே வழியில் போனோம். ஆளுக்கு 14 கிலோ. இரண்டு பேன்ட். அடுப்பு இல்லை. காலையில் பத்து நிமிடத்தில் கிளம்பினோம், ஓடையைத் தண்ணீர் ஏறுமுன் கடந்தோம். நான் மூன்று தடவை விழுந்தேன், அவன் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் விழுந்தவனே தூக்கினான். அவன் இன்சுலினில் பாதி என் நெஞ்சுப் பையில் இருந்தது. தாபோவில் இறங்கி, மடாலயத்துக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஓவியங்களைப் பார்த்தபடியே, "போன தடவ வெளியவே நின்னது கூட ஞாபகமில்லடா" என்றான் மெதுவாக.

தம்பி தங்கைகளே, நீங்கள் எங்களைவிட நல்ல வண்டியில், எங்களைவிடத் தூரம் போவீர்கள். போங்கள். போவதற்கு முன் ஒரே ஒரு பரீட்சை எழுதுங்கள். முழுச் சாமானையும் கட்டி, மெத்தென்ற தரையில் வண்டியைச் சாய்த்துப் படுக்க வையுங்கள். யார் துணையும் இல்லாமல் தூக்குங்கள். முடியவில்லையா, பையைத் திறந்து எதையாவது வெளியே எடுங்கள். முடிகிறவரை எடுங்கள்.

என் வண்டி போர்டிகோவுக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில், பையோடுதான் நிற்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் வாருங்கள். புல் தரையில் நானே படுக்க வைத்துத் தருகிறேன். தூக்கிப் பாருங்கள். என் நண்பனும் பக்கத்தில் இருப்பான்.